காலணியும் குளிரும்

1953-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் விடியற்காலையில், எவரெஸ்ட் சிகரத்தை நோக்கிப் புறப்பட வேண்டிய எட்மண்டு ஹில்லரி, தம் பூட்ஸ் இரண்டும் கல்லைப் போல் உறைந்து கிடப்பதைக் கண்டார். முந்திய இரவு அவற்றைக் கழற்றி வைத்ததன் பலன் அது. அடுப்பனலில் காட்டி அவற்றை இளக்குவதற்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் பிடித்தது. மலையேறுவோருக்கு வாழ்நாளில் சில நாட்களே இந்தத் தொல்லை. மீனையும் இறைச்சியையும் உறையவைத்துக் காக்கும் குளிர்பதனக் கிடங்குகளில் உழைப்போருக்கோ இது அன்றாடப் பிரச்சினை. அங்கே உஷ்ணநிலை பூஜ்யத்திற்குக் கீழ் 18 டிகிரி சென்டிகிரேடு அளவில் இருக்கும். அவர்கள் அணியும் காப்புப் பூட்ஸ் குளிரைத் தாங்குமா என்பதை எவ்வாறு சோதிக்கிறார்கள் என்று சொல்லவே நான் வந்திருக்கிறேன்.

‘குளிர் காலில் ஏறுகிறது’ என்று நாம் சொல்லுவது வழக்கம். உண்மையில் ஏறுவது எதுவும் இல்லை. காலிலுள்ள உஷ்ணந்தான் வெளியே ஓடுகிறது. கால் விரல்களில் தசை மிகவும் குறைவு. ஆகையால் அவை தாமாக உண்டாக்கிக்கொள்ளும் உஷ்ணம் சொற்பமே. இரத்தம் சுமந்துவரும் உஷ்ணத்தை நம்பியே அவை வாழ்கின்றன. உடல் குளிரத் தொடங்கியதும் கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கிவிடுகின்றன. இதயத்தையும் மூளையையும் காப்பதற்காக உடல் தன் விரல்களைக் கைவிடத் துணிகிறது என்றே சொல்லலாம்.

இனிச் சோதனைக்கு வருவோம். தொழிற்காப்புக் காலணிகளுக்கென 20345 என்ற எண்ணுள்ள பன்னாட்டுத் தரவிதி ஒன்று உண்டு. அதற்குரிய சோதனை முறையில் மனிதக் காலுக்கு வேலையே இல்லை. பூட்ஸின் உள்ளங்காலில் உஷ்ணமானி ஒன்றைப் பொருத்தி, 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுக் குண்டுமணிகளை 4 கிலோகிராம் அளவுக்கு உள்ளே கொட்டி நிரப்புகிறார்கள். யாவும் 23 டிகிரிக்கு வந்த பின், பூஜ்யத்திற்குக் கீழ் 17 டிகிரியிலுள்ள குளிர்ப்பெட்டிக்குள் பூட்ஸை வைக்கிறார்கள். அரைமணி நேரத்தில் உள்ளங்காலின் உஷ்ணநிலை 10 டிகிரிக்கு மேல் இறங்காவிட்டால் பூட்ஸ் தேறிவிட்டது. ‘சி.ஐ.’ என்னும் இரண்டு எழுத்துகளை அதன்மேல் பொறிக்கலாம்.

முறை எளியது, எந்த ஊர்ச் சோதனைச்சாலையிலும் ஒரே விதமாகச் செய்யக்கூடியது. ஆயினும் அந்த இரண்டு எழுத்துகளை முழுவதும் நம்பிவிடுவது அபாயம் என்பது என் கருத்து. 23-லிருந்து 10 குறைந்தால் 13. மனிதனுடைய தோல் 15 டிகிரிக்கு இறங்கும்போதே வலி தொடங்கிவிடுகிறது. 7 டிகிரியில் உணர்ச்சி மரத்துப்போகிறது. மேலும், சோதனை அரைமணி நேரம். வேலையோ பல மணி நேரம். எஃகுக் குண்டுகளுக்கு இரத்த ஓட்டமும் இல்லை, வியர்வையும் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக, அந்த எழுத்துகள் அடிப்பாகத்தைப் பற்றியே பேசுகின்றன. விரல்களை மூடும் மேற்பாகத்தைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை.

இக்குறைகளை உணர்ந்த ஆராய்ச்சியாளர்கள் உலோகத்தினால் செயற்கைக் கால் ஒன்றைச் செய்தார்கள். விரல், குதிகால், புறங்கால் என அது பல பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு பகுதியையும் மின்சாரத்தால் சூடேற்றி, தோலின் உஷ்ணநிலையிலேயே நிறுத்திவைப்பார்கள். எந்தப் பகுதி அதிக மின்சாரம் கேட்கிறதோ அங்கே பூட்ஸ் உஷ்ணத்தைக் கசியவிடுகிறது என்று பொருள். ஓட்டைக் குடத்தில் நீர்மட்டம் குறையாமலிருக்க எவ்வளவு ஊற்றவேண்டியிருக்கிறது என்று அளப்பதைப் போன்றது இது.

இதனால் ஒரு பழைய சந்தேகமும் தீர்ந்தது. காப்புப் பூட்ஸின் முனையில் எஃகுக் கவசம் ஒன்று இருக்கும். 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும் விரல் நசுங்காமல் காப்பது அதுவே. ‘இந்த எஃகுதான் விரலைச் சில்லிடச் செய்கிறது’ என்பது தொழிலாளர்களின் நெடுநாளைய முறையீடு. கவசமுள்ள பூட்ஸையும் கவசமில்லாத பூட்ஸையும் சுவீடனில் செயற்கைக் காலில் மாட்டிச் சோதித்தபோது, உஷ்ணத்தைக் காக்கும் திறனில் குறிப்பிடத்தக்க வேற்றுமை தென்படவில்லை. எஃகு உஷ்ணத்தை விரைந்து கடத்துவது உண்மையே. ஆனால் அதைச் சுற்றியுள்ள தோலும் உள்துணியும் அவற்றிடையே அடைபட்ட காற்றும் அல்லவா தடையாக நிற்கின்றன!

அந்தக் காற்றின் இடத்தை வியர்வை பிடித்துக்கொண்டால் கதை மாறிவிடும். நீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக உஷ்ணத்தைக் கடத்தும். இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு ஜோடிக் காலுறைகளைத் திணிப்பவரும் அந்தக் காற்றைத்தான் பிழிந்து வெளியேற்றுகிறார். ஆகவே இப்போது சில சோதனைச்சாலைகளில், மெல்லிய குழாய்கள் வழியே நீரைக் கசியவிட்டு, வியர்க்கும் செயற்கைக் காலைக் கொண்டே பூட்ஸைச் சோதிக்கிறார்கள்.