இரவல் மெட்டு, சொந்தத் துக்கம்

கம்பம் பள்ளத்தாக்கில் எழவு வீட்டுக்குப் போய் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். இறந்தவரைச் சொல்லி ஆரம்பிக்கும் ஒப்பாரி, நாலு வரி தாண்டுவதற்குள் பாடுகிறவளின் வீட்டுக்குள் நுழைந்துவிடும். பொங்கலுக்குச் சீர் கொண்டுவராத அண்ணன், பாதியில் விட்டுப்போன புருஷன், அடைபடாத வட்டிக் கடன் என்று ஒவ்வொன்றாக வரும். மெட்டு ஊருக்குப் பொது. சொல் அவளுக்குச் சொந்தம். தமிழகக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசே 2005இல் வெளியிட்ட நூலின் தலைப்புக்கே 'செத்தவருக்காக யாரும் அழுவதில்லை' என்றுதான் பொருள்.

அதே 2005இல் ஆஸ்திரேலிய இசைச் சிகிச்சையாளர் ஃபெலிசிட்டி பேக்கர், டோனி விக்ராமுடன் சேர்ந்து, பாட்டெழுதுவதைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவது பற்றி ஒரு நூலைத் தொகுத்தார். இந்தச் சிகிச்சையில் முதல் படி மிக எளிது. தெரிந்த பாட்டில் சில சொற்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தைத் தன் சொல்லால் நிரப்புவது. அடுத்தது, அதே மெட்டுக்கு முழுதாகப் புது வரிகள். சொந்த மெட்டு கடைசியில்தான். நம் பாட்டிகள் செய்துவந்ததும் ஏறக்குறைய இதுதான்.

இதனால் மனம் ஏன் இளகுகிறது? 2007இல் மேத்யூ லீபர்மன் குழுவினர், உணர்ச்சி ததும்பும் முகப்படங்களைக் காட்டி மூளையைப் படமெடுத்தார்கள். அந்த உணர்ச்சிக்குப் பெயர் சொன்னபோது, அபாயமணி போல வேலை செய்யும் அமிக்டலாவின் துடிப்பு குறைந்தது. அதற்கும் முன்பு, 1986இல் வெளியான ஜேம்ஸ் பென்னிபேக்கரின் ஆய்வில், மாணவர்கள் நான்கு நாள், தினம் 15 நிமிடம் தங்கள் பழைய காயத்தைப் பற்றி எழுதினார்கள். எழுதி முடித்த கையோடு மனம் கனத்தது. ஆனால் அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரைத் தேடிப் போனது குறைந்தது. பாட்டில் இவற்றோடு மூச்சும் சேர்கிறது. ஒரு வரியை இழுத்துப் பாடும்போது வெளிமூச்சு நீள்கிறது. இதயத் துடிப்பு தணிகிறது.

விடியுமுன் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்வோம். கணவர் இறந்து ஒரு வருடம். "மனசே சரியில்ல" என்கிறார். இதில் பாட்டு இல்லை. "எந்த நேரத்துலக்கா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால், "சாயங்காலம் வந்து பூட்டத் தொறக்கும்போது" என்கிறார். இதோ முதல் வரி: 'மலையெறங்கி வந்து நின்னேன், சாவி மட்டும் கனக்குதய்யா'. திரும்பத் திரும்ப வருவது பல்லவி. நடந்ததும் நடக்க வேண்டியதும் சரணம். புலம்பல் ஒரே இடத்தில் சுற்றும். சரணமோ அடுத்த அடி எடுத்து வைத்தே ஆக வேண்டும்.

பாட்டெழுத இந்த மண்ணுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா, 1976இல் 'அன்னக்கிளி' வழியாக வயக்காட்டு மெட்டைத் தமிழகமெங்கும் கேட்க வைத்தார். வைகை அணைக்காகப் பிறந்த ஊரை இழந்த குடும்பத்தின் பிள்ளை வைரமுத்து, அந்த இழப்பையே 'கள்ளிக்காட்டு இதிகாச'மாக எழுதினார்.

இன்றோ எழவு வீடுகளில் ஒலிபெருக்கி ஒப்பாரி பாடுகிறது. கேட்டு அழலாம்தான். ஆனால் அதில் நம் வீட்டுச் சாவி இருக்காது.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. பாட்டு மருந்துக்கு மாற்று அல்ல. தூக்கமே வராமல் போனாலோ, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினாலோ, மத்திய அரசின் 'டெலி மானஸ்' எண் 14416ஐ எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மற்ற நாட்களில், பிடித்த மெட்டு ஒன்றை எடுத்து நாலு வரி எழுதிப் பாருங்கள். எதுகை தப்பினால் பரவாயில்லை. சொல் உங்களுடையதாக இருந்தால் போதும்.