உங்களுக்குத் தெரியுமா? பழைய கணினியும் நம்பகமான மதர்போர்டும்

● ரவாங் ஈயச் சுரங்கத்தில் 1894-இலேயே மின்னாக்கி வைத்து இயந்திரம் ஓட்டினார்கள் இருவர்: லோக் இயூவும், பத்துமலைக் கோயிலைத் தோற்றுவித்த தம்புசாமிப் பிள்ளையும். அதே வட சிலாங்கூரில் பல தோட்டத்து லயங்கள் வெகுகாலம் மாலை நேர ஜெனரேட்டர் வெளிச்சத்தோடு திருப்திப்பட வேண்டியிருந்தது. பழைய வீடுகளில் கணினி வைக்கும்போது இன்றும் முதலில் பார்க்க வேண்டியது எர்த் கம்பி. அது சரியில்லை என்றால் எவ்வளவு நல்ல மதர்போர்டு வாங்கினாலும் பயனில்லை. மின்னல் தடுப்புப் பிளக்கும் எர்த் இல்லாமல் சரியாக வேலை செய்யாது.

● மலேசியாவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாள் இடி இடிக்கிறது. மின்னல் பவர் சப்ளை வழியாக மட்டும் வருவதில்லை. இணைய கேபிள் வழியாகவும் ஏறி, போர்டின் நெட்வொர்க் சில்லைக் கருக்கிவிடும். மழை இருட்டும்போது இரண்டையும் கழற்றுங்கள்.

● கணினியைத் திறக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டு பின்னால் போகிறதா? இணையப் பக்கங்கள் 'பாதுகாப்பில்லை' என்று மறுக்கின்றனவா? புது போர்டு தேடுமுன் பழைய போர்டிலுள்ள சிஆர்2032 பேட்டரியை மாற்றிப் பாருங்கள். 20 மில்லிமீட்டர் அகலமுள்ள சின்ன வில்லைதான், சில வெள்ளிக்குக் கிடைக்கும். கெட்டது என்று ஒதுக்கப்படும் போர்டுகளில் சிலவற்றுக்கு இதுதான் முழு வைத்தியம்.

● போர்டின் மேல் சிறு உருளைகளாக நிற்பவை கெப்பாசிட்டர்கள். ஒரு போர்டின் ஆயுளைச் சொல்வதில் பெட்டியில் அச்சிட்ட பெயரைவிட இவற்றையே நான் நம்புவேன். 2000-களின் தொடக்கத்தில் வெளிவந்த பல போர்டுகளில், உள்ளிருந்த திரவத்தின் கலவைக் கோளாறால் இவை உப்பி, வெடித்து, பழுப்பாகக் கசிந்தன. பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. டெல் 2005-இல் இந்தப் பழுதுக்கென 30 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்கியது. நம் வெயிலுக்கு இது பழைய கதை ஆகிவிடாது. திரவ வகைக் கெப்பாசிட்டருக்கு வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். தகரக் கூரைக்குக் கீழே, ஏர்கோன் இல்லாத அறையில் வைத்த கணினியின் கதியை நீங்களே கணக்கிடலாம். வாங்கும்போது திட பாலிமர் வகையைக் கேளுங்கள். அதன் தலை தட்டையாக, வெட்டுக்குறி இல்லாமல் இருக்கும். திரவ வகையின் தலையில் பெருக்கல் குறி போல வெட்டு இருக்கும். அந்த இடம் சற்றே புடைத்திருந்தாலும் போர்டை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

● 2011 ஜனவரியில் இன்டெல் ஒரு பிழையை ஒப்புக்கொண்டது. பி67, எச்67 போர்டுகளின் முதல் பதிப்பில் நான்கு சாட்டா துளைகள் காலப்போக்கில் வலுவிழக்கும். திருத்திய பதிப்பின் பெயர் பி3. செகண்ட் ஹேண்டில் அந்தப் போர்டு கைக்கு வந்தால், ஹார்ட் டிஸ்க்கை வேகமான 6 கிகாபிட் துளைகள் இரண்டில் ஒன்றில் மாட்டுங்கள். அவற்றில் பழுதில்லை.

● எல்ஜிஏ 1151 என்ற ஒரே பெயரில் இரண்டு சாக்கெட்டுகள் உண்டு. இன்டெல்லின் 8ஆம் தலைமுறை பிராசஸர் சில்லு 100, 200 வரிசை போர்டில் ஒழுங்காக உட்காரும். கணினிக்கு உயிர் மட்டும் வராது. பழைய சில்லின் முழு எண்ணை எழுதிக்கொண்டு போங்கள். ரேமும் அப்படியே: டிடிஆர்3-க்கு 240 தொடுமுனை, டிடிஆர்4-க்கு 288.

● அலுவலகங்கள் கழித்துவிட்ட டெல் ஆப்டிபிளெக்ஸ் 7020 போன்றவற்றின் போர்டுக்கு 8 முனை மின்இணைப்பு. கடையில் கிடைக்கும் சாதாரண பவர் சப்ளையில் இருப்பது 24 முனை. இடைக்கம்பி இல்லாமல் சேராது. பெட்டியின் துளைகளும் பொருந்தாமல் போகலாம். மைக்ரோ ஏடிஎக்ஸ் அளவு 244க்கு 244 மில்லிமீட்டர். டேப் வைத்து அளந்துவிட்டு கோலாலம்பூர் லோ யாட் கணினிக் கடைகளுக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் மிச்சம்.

● ஜெராம், தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் உப்புக்காற்று. பழைய போர்டின் சாக்கெட்டிலும் துளைகளிலும் பச்சைப் பூப்பு தெரிந்தால் விலை எவ்வளவு குறைவானாலும் வேண்டாம். திறந்து கிடக்கும் பின்பக்கத் துளைகளை மூடுங்கள். பல்லியும் எறும்பும் உள்ளே குடியேறி ஷார்ட் ஆன கணினிகள் நம் ஊரில் ஏராளம்.

● கணினியோடு வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் போர்டோடு பிணைந்தது. வேறு மாடல் போட்டால் அது செல்லாமல் போகலாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்பதோ, இன்டெல்லில் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையும் அதற்கு மேலும். அதற்கு முந்திய சில்லை வைத்திருப்பவர்கள் விலையுயர்ந்த போர்டில் காசைப் போட வேண்டாம். பிள்ளைகளின் பள்ளி வேலைக்கு லினக்ஸ் தாராளமாகப் போதும்.

● செத்த போர்டைத் தோட்டத்துக் குப்பையோடு எரிக்காதீர்கள். பழைய பற்றாசில் ஈயம் இருக்கிறது. 2005 ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு, எஸ்டபிள்யூ 110 என்ற எண்ணில் பட்டியலிட்ட அபாயக் கழிவு. சுற்றுச்சூழல் துறை அனுமதித்த சேகரிப்பு இடங்களில் கொடுக்கலாம்.