சிறுகணினியும் மின்தளர்ச்சியும்

கல்விக்கூடங்களிலே இன்று கையாளப்படும் கருவிகளுள் உருவிற் சிறிதாயும் பயனிற் பெரிதாயும் விளங்குவன ஒற்றைப் பலகைக் கணினிகளாம். அவற்றுள் யாவரும் அறிந்தது றாஸ்பெறி பை என்பது. பள்ளிச் சிறார் நிரல் எழுதப் பழகவேண்டும் என்னும் நோக்கத்துடன் இங்கிலாந்தின் கேம்பிறிட்ஜ் நகரிலே உருவாகி, 2012 ஆம் ஆண்டு பெப்ருவரி 29 ஆந் திகதி இது விற்பனைக்கு வந்தது. நீளம் ஏறக்குறைய 85 மில்லிமீற்றர். அகலம் 56 மில்லிமீற்றர். உள்ளங்கையில் அடங்கும் இப்பலகை திடீரென நின்றுவிடின், "பலகை பழுது" எனத் தீர்ப்பளித்து அலுமாரியில் இட்டுவிடுவது மாணாக்கரிடையே வழக்கமாகிவிட்டது. பல வேளைகளிற் குற்றம் பலகையினதன்று. அதற்கு ஊட்டப்படும் மின்னினது. குற்றமற்ற ஒன்றைத் தண்டியாதிருக்க வழி காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இக்கணினி வேண்டுவது 5 வோல்ற்று அழுத்தம். மடிக்கணினியைப் போலத் தனக்கென ஒரு பெற்றறி இதற்கில்லை. ஆதலின் ஒரு கணத் தளர்ச்சியையும் இது பொறாது. மூன்றாம் வகைக்கு 2.5 அம்பியரும், 2019 இல் வந்த நான்காம் வகைக்கு 3 அம்பியரும், 2023 இல் வந்த ஐந்தாம் வகைக்கு 5 அம்பியரும் தரவல்ல மின்வழங்கி விதிக்கப்பட்டுள்ளது. அழுத்தம் 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கின், திரையின் மூலையில் மின்னல் வடிவக் குறியொன்று தோன்றும். மூன்றாம் வகையிலே சிவப்பு விளக்கும் அணையும். இவை பலகை தன் பசியை நமக்கு உரைக்கும் மொழியாகும்.

வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்திலே, நோய் இன்னதெனத் துணிந்து, அதன் காரணமறிந்து, பின்னரே பரிகாரம் செய்யுமாறு மருத்துவனுக்கு வகுத்த முறை இங்கும் பொருந்தும். முதலிற் பலகையோடு பூட்டிய அனைத்தையும் கழற்றுக. மின்வழங்கியும் நினைவட்டையும் மாத்திரம் எஞ்சட்டும். அந்நிலையில் ஒழுங்காக இயங்கின், கழற்றியவற்றுள் ஒன்றே மின்னை மிகுதியாக உண்கின்றது என்பது பெறப்படும். நான்காம் வகைப் பலகை தன் யூ.எஸ்.பி. வாயில்கள் யாவற்றுக்குமாக 1.2 அம்பியரே தரவல்லது. ஆதலின் வன்தட்டு முதலியவற்றைத் தனி மின்வழங்கியுள்ள இணைப்புப் பெட்டி வழியாகப் பூட்டுதல் வேண்டும்.

அனைத்தையும் கழற்றிய பின்னரும் தளர்ச்சி தொடரின் வயரைச் சோதிக்க. இதுவே பலரும் ஐயுறாத கள்வன். 28 ஆம் இலக்க மெல்லிய கம்பியாலான ஒரு மீற்றர் வயரை எடுத்துக்கொள்வோம். போகவும் வரவுமாக அதன் தடை ஏறக்குறைய 0.43 ஓம். ஓமின் விதிப்படி, 1 அம்பியர் பாயும்போது 0.43 வோல்ற்று வயரிலேயே ஒழிந்துபோகும். 5 வோல்ற்றாகப் புறப்பட்டது 4.57 ஆகவே பலகையை அடையும். எச்சரிக்கை எல்லையோ 4.63. தடித்த 20 ஆம் இலக்கக் கம்பியாயின் இழப்பு 0.07 வோல்ற்றே. கைத்தொலைபேசிக்குப் போதிய வயர் கணினிக்குப் போதாமையின் காரணம் இதுவே. தொலைபேசி மெல்ல மின்னேறிக்கொள்ளும். கணினிக்கோ காத்திருக்க இயலாது.

ஐயந்தீரப் பல்மானியால் அளக்கலாம். பலகை வேலைசெய்து கொண்டிருக்கையில், முனைவரிசையின் 2 ஆம் முனைக்கும் 6 ஆம் முனைக்கும் இடையே அளக்க. ஓய்ந்திருக்கும்போது அளந்த அளவு மெய்யுரைக்காது. அளக்குங் கோல் வழுவி அயல்முனையைத் தொடின் நல்ல பலகையும் கெடும். ஆதலின் இதனை ஆசிரியர் முன்னிலையிலேயே செய்க. சிவப்பு விளக்கு நிலையாக எரிந்தும் பச்சை விளக்கு ஒருபோதும் சிமிட்டாதாயின், நினைவட்டையை ஐயுறுக.

விலையுயர்ந்த வயரே நல்லதென்று எண்ணுதலும் தவறாகலாம். நான்காம் வகையின் முதற் பலகைகளில், மின்வாயிலின் இரு முனைகளுக்குத் தனித்தனியே இருக்கவேண்டிய தடைகளுக்குப் பதிலாக ஒரு தடையே பொதுவாக அமைக்கப்பட்டது. அதனால் உட்சில்லுடைய உயர்தர வயர்கள் சிலவற்றோடு பொருத்தியபோது மின்வழங்கி மின் தர மறுத்தது. எளிய வயரோடு பலகை இயங்கிற்று! பின்வந்த பலகைகளிலே இக்குறை திருத்தப்பட்டது.

இனி, மின்வெட்டு. குடாநாடு மின்னின்றி இருந்த 1990களிலே மிதிவண்டித் தைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோர் நம்முட் பலர். மிதி தளரின் குரல் மங்கும்; மீண்டும் மிதித்தால் மீண்டும் ஒலிக்கும். கணினியின் நிலை அத்தகையதன்று. நினைவட்டையில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின் நின்றால், எழுதியதும் எழுதாததும் கலந்து கோப்புகள் சிதையும். நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்த 2022 ஆம் ஆண்டைப் போன்ற காலங்களில், ஒரு மாணாக்கனின் பல மாத உழைப்பு ஒரு நொடியில் அழிதல் கூடும். பலகையை விலைக்கு வாங்கலாம். அவ்வுழைப்பை வாங்கல் இயலாது. ஆகவே வெட்டு நேரத்துக்கு முன்னரே கணினியை முறைப்படி நிறுத்துக. வாரந்தோறும் நினைவட்டைக்குப் பிரதியொன்று எடுத்து வைக்க. இயலுமாயின் பெற்றறியுள்ள இடைக்காப்புக் கருவி ஒன்றைப் பொருத்துக.

பிறநாடுகளில் வாழும் பழைய மாணவருக்கு ஒரு விண்ணப்பம். கல்லூரிக்கு இத்தகைய பலகையை அன்பளிக்கும்போது, அதற்குரிய மின்வழங்கியையும் உடன் அனுப்புங்கள். பசுவைத் தானஞ்செய்வோர் புல்லையும் நினைத்தல் வேண்டுமன்றோ? மாணாக்கர்காள், அலுமாரியில் உறங்கும் பலகைகளை வெளியே எடுங்கள். தடித்த வயர் ஒன்றைப் பூட்டி, மீண்டும் ஒருமுறை பாருங்கள்.