புது விதி, பழைய சர்வர்

ஒரு நிறுவனத்தின் சர்வர்கள் மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் கிளவுடில் ஓடுகின்றன. சில புனேயில், சில சென்னையில். என்றோ யாரோ தொடங்கிய ஒன்று மட்டும் சிங்கப்பூரில். இனி எல்லாம் இந்தியாவுக்குள்தான் என்று நிர்வாகம் முடிவெடுத்து, 'அஷ்யூர் பாலிசி'யில் ஒரு தடை விதி போடுகிறது. சிங்கப்பூர் சர்வர் என்ன ஆகும்?

ஒன்றும் ஆகாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

'டினை' எனப்படும் இந்தத் தடை, கோரிக்கைகளைத்தான் பார்க்கிறது. புதிதாக ஒன்றை உருவாக்கவோ இருப்பதை மாற்றவோ கோரிக்கை வந்தால் சோதிக்கும். விதிக்குப் பொருந்தாவிட்டால் 403 பிழையோடு திருப்பி அனுப்பிவிடும். சும்மா ஓடுகிற சர்வரிடமிருந்து அப்படி எந்தக் கோரிக்கையும் வருவதில்லை. 24 மணி நேரத்துக்கு ஒருமுறை நடக்கும் கணக்கெடுப்பில் 'விதிக்கு இணங்காதது' என்று அதன் பெயர் பட்டியலில் ஏறும், அவ்வளவுதான்.

சிக்கல் பிறகுதான் வரும். ஊரில் கட்டட விதி மாறினால் பழைய வீட்டை உடனே இடிக்க வருவதில்லை. மேலே ஒரு மாடி எடுக்க அனுமதி கேட்கும்போதுதான் புது விதி குறுக்கே நிற்கும். இங்கேயும் அதே கதை. அந்த சர்வரை நிறுத்தலாம், மறுபடி தொடங்கலாம். ஆனால் தீபாவளி விற்பனைக்குக் கூட்டம் கூடும்போது அதன் அளவைக் கூட்டப் போனால், விழும் 403. விதி போட்டவர் ஒருவர், சர்வரைப் பார்த்துக்கொள்பவர் வேறொருவர். அந்த நெருக்கடி நேரத்தில், மாதங்களுக்கு முன் போட்ட விதி யாருக்கு நினைவிருக்கும்? என்னைக் கேட்டால், பெரிய ஆபத்து இதுதான்.

அமேசான் கிளவுடில் இதுபோன்ற தடைகளுக்குப் பயன்படும் 'சர்வீஸ் கன்ட்ரோல் பாலிசி'யும் ஓடுவதைத் தொடாது, கட்டளைகளைத்தான் தடுக்கும். ஆனால் அங்கே சிங்கப்பூர் போன்ற ஒரு பகுதியை முழுதாக அடைத்துவிட்டால், அங்குள்ள சர்வரை நிறுத்தும் கட்டளையும் சேர்ந்தே அடைபடலாம். பில் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும்.

பழையவற்றைத் திருத்தவும் அஷ்யூரில் வழி உண்டு. விடுபட்ட டேக் ஒட்ட 'மாடிஃபை', விடுபட்ட லாக் சேகரிப்பை அமைக்க 'டெப்ளாய் இஃப் நாட் எக்ஸிஸ்ட்ஸ்'. இவையும் பழையவற்றைத் தாமாகத் தேடிப் போவதில்லை. அதற்கு 'ரெமடியேஷன் டாஸ்க்' என்ற தனி வேலையைத் தொடங்க வேண்டும். விதியின் சார்பில் மாற்றம் செய்யும் கணக்குக்குத் தேவையான அனுமதியும் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் சர்வருக்கு இந்த வைத்தியமும் பலிக்காது. இருக்கும் இடத்தை ஒரு டேக் போல மாற்றிவிட முடியாது; புனேயிலோ சென்னையிலோ புதிதாக எழுப்பி, தரவை நகர்த்தத்தான் வேண்டும்.

ஆகவே, 'டினை' போடுவதற்கு முன் அதே விதியை 'ஆடிட்' ஆகப் போடுங்கள். அது எதையும் தடுக்காது, கணக்கு மட்டும் எடுக்கும். ஒரு நாள் பொறுத்துப் பட்டியலைப் பாருங்கள். அதிலுள்ள ஒவ்வொரு சர்வருக்கும் பொறுப்பானவரிடம் பேசி முடித்த பிறகு தடையைப் போடுங்கள்.