காரை அறிவோம் – 9: செல்ஃப் எடுக்காத கார்

ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. ஹாரன் அலறுகிறது. சாவியைத் திருப்பினால் மட்டும் ‘டிக்’ என்று ஒரே ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்த்து, “லைட் எரியுதே, அப்போ பேட்டரி நல்லாத்தான் இருக்கு. செல்ஃப் மோட்டார்தான் போயிடுச்சு” என்கிறார். மெக்கானிக்கோ, “பேட்டரி அவுட் சார், மாத்திடலாம்” என்கிறார். இரண்டு பேர் சொல்வதும் தவறாக இருக்கலாம். காரணம் தெரிய வேண்டுமானால், அந்த ஒரு நொடியில் மின்சாரம் எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும்.

பெட்ரோல் இன்ஜினோ டீசல் இன்ஜினோ, தானாகச் சுழலத் தொடங்காது. முதல் சுற்றை யாராவது சுற்றிவிட வேண்டும். ஒரு காலத்தில் காரின் முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் செருகிக் கையால்தான் சுற்றினார்கள். இன்ஜின் எதிர்த்து உதைத்தால் மணிக்கட்டு உடையும். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர், 1912ஆம் ஆண்டு காடிலாக் கார்களில் வந்து அந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது. இன்ஜினைச் சுற்றும் அளவுக்கு மோட்டார் வேண்டுமானால் அது காரில் அடங்காத அளவு பெரிதாக இருக்கும் என்று பலர் நம்பிய காலம் அது. கடைகளின் கல்லாப்பெட்டிக்கு மோட்டார் பொருத்திய அனுபவம் கெட்டரிங்குக்கு இருந்தது. சில நொடி மட்டுமே வேலை செய்யப்போகும் மோட்டார் சிறியதாக இருந்தாலும் போதும், அந்த நேரத்துக்கு அதன் மேல் அதிகச் சுமையை ஏற்றலாம் என்பது அவர் கண்டுகொண்டது. இன்றைய செல்ஃப் மோட்டாரும் அப்படித்தான். அதனால்தான் ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் சாவியைத் திருப்பிப் பிடிக்கக் கூடாது. அரை நிமிடமாவது ஆறவிட்டு மறுபடி முயல வேண்டும்.

அந்தச் சில நொடியில் அது இழுக்கும் மின்சாரம் அசாதாரணமானது. 55 வாட் ஹெட்லைட் பல்புகள் இரண்டும் சேர்ந்து 9 ஆம்பியர்தான் எடுக்கும். சிறிய காரின் செல்ஃப் 100 முதல் 150 ஆம்பியர் வரை சாதாரணமாக இழுக்கும். டீசல் வண்டியில் இன்னும் கூடும். பேட்டரி டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியால் வெறும் 0.02 ஓம் தடை ஏற்பட்டிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 9 ஆம்பியர் போகும்போது அங்கே விரயமாவது 0.18 வோல்ட்; லைட்டில் வித்தியாசமே தெரியாது. 150 ஆம்பியர் போக வேண்டும் என்றால் 3 வோல்ட் அங்கேயே போய்விடும். 12 வோல்ட்டில் 3 போனால் மோட்டார் திணறும். லைட் எரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது இதனால்தான்.

அந்த ‘டிக்’ சத்தம், செல்ஃப் மோட்டாரோடு சேர்ந்த சாலனாய்டு என்னும் மின்காந்த ஸ்விட்சுடையது. சாவியிலிருந்து வரும் மின்சாரம் இந்தச் சாலனாய்டை இயக்குகிறது. அது மோட்டாரின் பல்சக்கரத்தை இன்ஜினின் ஃபிளைவீலோடு கோத்து, பேட்டரியின் தடித்த கேபிளை மோட்டாரோடு இணைக்கிறது. மோட்டாருக்குள் போன மின்சாரம் இன்ஜினின் இரும்பு வழியாக, எர்த் ஒயர் வழியாக பேட்டரியின் நெகடிவுக்குத் திரும்பியாக வேண்டும். பலரும் திரும்பிப் பார்க்காத இடம் இந்த எர்த் ஒயர். இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையே அது போல்ட் போட்டிருக்கும் இடத்தில் துரு ஏறினால், பேட்டரி புதிதாக இருந்தும் பயனில்லை.

இன்ஜின் ஓடத் தொடங்கியதும் பொறுப்பு ஆல்டர்னேட்டருக்குப் போகிறது. பெல்ட்டால் சுழன்று, பேட்டரியையும் சார்ஜ் செய்து, மற்ற எல்லாவற்றுக்கும் மின்சாரம் தருவது அதுதான். பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயில் 12 வோல்ட்டை 20,000 வோல்ட்டுக்கும் மேல் உயர்த்தி, ஸ்பார்க் பிளக்கின் சுமார் ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் பொறி தட்டவைக்கிறது. டீசலில் பிளக் பொறி கிடையாது. அழுத்தத்தின் சூட்டிலேயே எரிகிறது. இன்றைய வண்டிகளில் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர், எல்லாவற்றையும் ஆளும் கம்ப்யூட்டர் ஆகியவையும் மின்சாரத்தை நம்பியே இருக்கின்றன. பேட்டரி அடியோடு காலியானால் தள்ளி ஸ்டார்ட் செய்யும் வித்தை இவற்றில் பலிக்காது.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று இருந்தால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.6 வோல்ட் காட்டினால் பேட்டரியில் முழு சார்ஜ் இருக்கிறது. இன்ஜின் ஓடும்போது 14ஐ ஒட்டி இருக்க வேண்டும், 12.4 என்று நின்று, மெல்ல இறங்கினால் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை. அடுத்த சோதனையைப் பல இடங்களில் செய்வதே இல்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் ஈயக் கம்பத்தின் மேலேயே வையுங்கள். மறுமுனையை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பின் மேல் வையுங்கள். இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். மீட்டர் கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும். அரை வோல்ட் காட்டினாலே கோளாறு அந்த இணைப்பில்தான். அதைச் சுத்தம் செய்யும்போது நெகடிவ் கிளாம்பை முதலில் கழற்றி, கடைசியில் மாட்ட வேண்டும். வரிசை மாறி ஸ்பேனர் பாடியில் பட்டால் பெரும் தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து பொடியைக் கழுவி, உலரவைத்து, இறுக்கி, மேலே வாஸ்லின் தடவினால் போதும்.

புது பேட்டரிக்குப் பணம் எடுத்து வைப்பதற்கு முன், இந்தச் சோதனையை உங்கள் கண்முன்னால் செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

(தொடரும்)