கழிவறைக் குழாய் கசிகிறதா? நீங்களே மாற்றலாமா?

கழிவறைத் தண்ணீர்த் தொட்டியையும் சுவரிலுள்ள வால்வையும் இணைக்கும் சிறிய குழாய்... அதைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?

"அதுல பார்க்க என்ன இருக்கு?" என்று தோன்றலாம்.

ஃபிளஷ் செய்யும்போது மட்டுமல்ல, 24 மணி நேரமும் அந்தக் குழாய்க்குள் தண்ணீர் அழுத்தம் இருக்கும். வீட்டில் யாரும் இல்லாதபோது அது வெடித்தால் தண்ணீர் தானாக நிற்காது.

நிமிடத்துக்கு 1 லிட்டர் கசிந்தால்கூட ஒரு நாளில் 1,440 லிட்டர் வீண். மாதம் 40 கன மீட்டருக்குள் பயன்படுத்தும் வீடுகளுக்கு ஏப்ரல் 2025 முதல் கட்டணம் கன மீட்டருக்கு 3.24 வெள்ளி. அந்தக் கணக்கில், பொருள் சேவை வரி இல்லாமலேயே ஒரு நாளைக்குச் சுமார் 4.67 வெள்ளி! தண்ணீர் அறைக்குள் புகுந்தால் செலவு இன்னும் அதிகம்.

எப்போது மாற்றவேண்டும்?

-- குழாயின் கம்பிப் பின்னல் துருப்பிடித்தால் அல்லது அறுந்தால்
-- குழாய் புடைத்திருந்தால்
-- இரு முனைகளிலும் ஈரம் தெரிந்தால்

பிளம்பர் தேவையா?

பழைய குழாயைக் கழற்றி அதேபோன்ற புதியதை மாட்டுவது எளிய வேலை. அதை நீங்களே செய்யலாம். ஆனால் சுவருக்குள் போகும் குழாய்களை மாற்றியமைக்க, பொதுப் பயனீட்டுக் கழகத்தின் உரிமம் பெற்ற பிளம்பர் தேவை. வாடகை வீடா? முதலில் உரிமையாளரிடம் சொல்லிவிடுங்கள்.

எப்படி மாற்றுவது?

1. சுவரிலுள்ள வால்வை வலப்பக்கம் திருகி மூடுங்கள். தெம்பனிஸில் 1980களில் கட்டப்பட்ட வீவக வீடுகள் பல உண்டு. பழைய வீடுகளில் வால்வு இறுகிப் போயிருக்கலாம். முரட்டுத்தனமாகத் திருகினால் உடையும்! வீட்டுக்கு வெளியே மீட்டர் அருகில் உள்ள வால்வை மூடுங்கள்.

2. ஒருமுறை ஃபிளஷ் செய்து தொட்டியைக் காலி செய்யுங்கள். கீழே வாளி வையுங்கள்.

3. இரு முனைகளையும் ஸ்பேனரால் கழற்றுங்கள். தொட்டிக்கு உள்ளே இருக்கும் பாகம் சேர்ந்து சுழலாமல் ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள்.

4. பழைய குழாயை ஹார்ட்வேர் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். நீளமும் முனைகளின் அளவும் பொருந்தவேண்டும். புதிய குழாய் இழுபட்டும் இருக்கக்கூடாது, மடங்கியும் இருக்கக்கூடாது.

5. முனைக்குள் ரப்பர் வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீரை அடைப்பது அதுதான். வெள்ளை டேப் சுற்றத் தேவையில்லை. கையால் இறுக்கிய பிறகு ஸ்பேனரால் கால் சுற்று போதும். அதிகம் இறுக்கினால் பிளாஸ்டிக் பாகம் விரிசல் விடும்.

6. வால்வை மெதுவாகத் திறங்கள். இணைப்புகளில் காய்ந்த டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். சில மணி நேரம் கழித்து மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

இப்போது குழாய் நன்றாகவே இருக்கிறதா? அப்படியானாலும் இன்றே ஒரு வேலை செய்யலாம். வால்வு எங்கே இருக்கிறது, சுலபமாக மூடுகிறதா என்று பாருங்கள். வீட்டில் உள்ள எல்லாருக்கும் காட்டிவையுங்கள்.

தண்ணீர் பீய்ச்சியடிக்கும் நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது அல்லவா?