ரிப்போர்ட்டில் உங்கள் எண் எது?

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு லேப் வாசலிலேயே நின்று படிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். திருச்சியில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் டெக்னீஷியன் நான். எல்லாருடைய கண்ணும் முதலில் போவது தடித்த எழுத்தில் இருக்கும் எண்களுக்குத்தான். பக்கத்தில் 'ஹெச்' என்றால் கூடுதல், 'எல்' என்றால் குறைவு. சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் அந்தப் பார்வை ஓரளவு போதும். பிளாஸ்மா செல் நோய் இருப்பதாகத் தெரிந்தவர்களுக்குப் போதாது. அவர்கள் ரிப்போர்ட்டில் ஏழெட்டு ஹெச் இருக்கும். கவலைப்பட வேண்டியது அதில் ஒன்றோ இரண்டோதான். சில சமயம், எந்தக் குறியும் போடாத எண்ணில்தான் விஷயம் ஒளிந்திருக்கும்.

கும்பகோணத்தில் இருக்கும் என் சித்திக்கு 66 வயதில் மல்டிபிள் மைலோமா என்ற பிளாஸ்மா செல் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். முதுகுவலி, நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். வயசாகிவிட்டது என்று வலி மாத்திரை போட்டே காலம் தள்ளியிருக்கிறார். கடைசியில் எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.9. மொத்தப் புரதம் 9.8 கிராம், அல்புமின் 3.2. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் வருவது குளோபுலின்: 6.6. ஆரோக்கியமான உடம்பில் அல்புமின்தான் குளோபுலினைவிட அதிகமாக இருக்கும். சித்தியின் ரத்தத்தில் அது தலைகீழாகிக் கிடந்தது. காசநோய், கல்லீரல் நோய் போன்றவற்றிலும் குளோபுலின் ஏறும். ஆனால் ரத்தசோகை, எலும்புவலி இரண்டோடும் சேர்ந்து ஏறினால், அடுத்த பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

எலும்பு மஜ்ஜையில் இருக்கும் பிளாஸ்மா செல்கள்தான் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் புரதங்களைத் தயாரிக்கின்றன. ஆயிரம் விதக் கிருமிக்கு ஆயிரம் விதப் புரதம். ஒரே ஒரு செல் கட்டுப்பாடு இழந்து பெருகினால், அதன் வாரிசுகள் அத்தனையும் ஒரே அச்சில் ஒரே புரதத்தைக் கொட்டும். அதைத்தான் எம் புரதம் என்கிறார்கள். அதைக் கண்டுபிடிக்கும் சோதனை எலக்ட்ரோஃபோரசிஸ். ஒரு துளி சீரத்தை ஜெல்லில் வைத்து மின்சாரம் செலுத்துவோம். புரதங்கள் பிரிந்து பட்டைகளாக நிற்கும். இந்த முறையைச் செம்மைப்படுத்திய ஸ்வீடன் விஞ்ஞானி ஆர்னே டிசேலியஸ் 1948இல் நோபல் பரிசு பெற்றார். சாயம் ஏற்றிப் பார்த்தால் கடைசியில் இருக்கும் காமா பகுதி வழக்கமாக அகன்று, மங்கலாகப் பரவியிருக்கும். அந்த இடத்தில் கத்தியால் கீறியதுபோல ஒரு கரும்பட்டை நின்றால், எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் எனக்குக் கை ஒரு கணம் நின்றுவிடும். சித்தியின் எம் புரதம் 4.1 கிராம். இம்யூனோஃபிக்சேஷன் என்ற அடுத்த சோதனை அதன் வகையைச் சொன்னது: ஐஜிஜி கப்பா.

எம் புரதம் தென்பட்ட எல்லாருக்கும் புற்றுநோய் என்று பொருளில்லை. மேயோ கிளினிக்கின் ராபர்ட் கைல் 1978இல் 'எம்ஜியூஎஸ்' என்று ஒரு நிலையை வரையறுத்தார். எம் புரதம் 3 கிராமுக்குக் கீழே, மஜ்ஜையில் பிளாஸ்மா செல்கள் 10 சதவீதத்துக்குக் கீழே, உறுப்புகளில் பாதிப்பு எதுவும் இல்லை என்றால் அது எம்ஜியூஎஸ். அவரது குழு அமெரிக்காவின் மினசோட்டாவில் நடத்திய ஆய்வில், 50 வயது தாண்டியவர்களில் நூற்றுக்குச் சுமார் மூன்று பேருக்கு இது இருந்தது. வருடத்துக்கு ஏறத்தாழ 1 சதவீதம் பேருக்குத்தான் அது முற்றுகிறது. மருந்து வேண்டாம், கண்காணிப்பு போதும். அந்தக் கண்காணிப்பைத்தான் நம் ஆட்கள் விட்டுவிடுகிறார்கள். மருந்தே எழுதித் தரவில்லை என்றால் வியாதியே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சிகிச்சை தேவையா என்பதை முடிவு செய்ய மருத்துவர்கள் முக்கியமாகப் பார்ப்பவை நான்கு: கால்சியம் 11ஐத் தாண்டியதா, கிரியேட்டினின் 2ஐத் தாண்டியதா, ஹீமோகுளோபின் 10க்குக் கீழே போனதா, எலும்பில் அரிப்பு இருக்கிறதா. 2014 முதல் இவற்றோடு இன்னும் மூன்று சேர்ந்திருக்கின்றன: மஜ்ஜையில் 60 சதவீதமோ அதற்கு மேலோ பிளாஸ்மா செல்கள், லைட் செயின் விகிதம் நூறைத் தொடுவது, எம்ஆர்ஐயில் ஒன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள்.

குறி போடாத எண் என்றேனே, சித்தியின் கால்சியம் அப்படித்தான். 10.2, நார்மல் என்றது ரிப்போர்ட். ஆனால் ரத்தத்தில் கால்சியத்தின் ஒரு பங்கு அல்புமினோடு ஒட்டிக்கொண்டு போகும். அல்புமின் குறைந்திருந்தால் அதற்கு ஈடு கட்டிக் கணக்கிட வேண்டும். 4இலிருந்து அல்புமினைக் கழித்து, 0.8ஆல் பெருக்கி, கால்சியத்தோடு கூட்டினால் சித்திக்கு 10.84. எல்லைக்கு மிக அருகில். கிரியேட்டினின் 1.4 என்பதும் பார்வைக்குச் சின்ன எண். 66 வயதுப் பெண்ணுக்கு அது சிறுநீரகம் பாதிக்கும் குறைவான திறனில் ஓடுகிறது என்று பொருள். அதனால் அன்றோடு வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னார் டாக்டர். மைலோமா உள்ளவர்கள் மருந்துக் கடையில் தாங்களாக வலி மாத்திரை வாங்கிப் போடவே கூடாது.

லைட் செயினைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இம்யூனோகுளோபுலினின் சிறு துண்டு அது. கப்பா, லாம்டா என்று இரண்டு வகை. 1845இல் லண்டனில் எலும்புவலியால் துடித்த ஒரு மளிகை வணிகரின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் சோதனைக்கு வந்தது. அதிலிருந்த புரதம் கொதிக்க வைத்தால் கரைந்தது, ஆறினால் மறுபடி திரண்டது. அது லைட் செயின்தான் என்று 1962இல்தான் நிரூபணமானது. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் நாங்கள் தோய்க்கும் ஸ்ட்ரிப் முக்கியமாக அல்புமினுக்குத்தான் நிறம் மாறும். லைட் செயின் கொட்டிக்கொண்டிருந்தாலும் 'புரதம் இல்லை' என்றே காட்டக்கூடும். அதனால்தான் 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்து வரச் சொல்கிறார்கள். அலுப்பான வேலைதான், தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.

இப்போது ரத்தத்திலேயே ஃப்ரீ லைட் செயினை அளக்கிறோம். நாங்கள் பயன்படுத்தும் முறையில் கப்பா-லாம்டா விகிதம் 0.26இலிருந்து 1.65 வரை இருக்கலாம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு 3.1 வரைகூட ஏற்பார்கள். சித்திக்குக் கப்பா 412, லாம்டா 6.1, விகிதம் 67.5. சிலருக்கு எம் புரதம் தென்படவே தென்படாது, லைட் செயின் மட்டும் ஏறும். அவர்கள் எலக்ட்ரோஃபோரசிஸ் ரிப்போர்ட்டைப் பார்த்து நிம்மதி அடைவதில் அர்த்தமில்லை. முதல் சந்திப்பிலேயே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்: "எனக்கு எந்த எண்ணை வைத்து நோயை அளக்கப் போகிறீர்கள்?"

"ஏண்டி, ஹெச் போட்ட இடமெல்லாம் கான்சராடி?" என்று சித்தி கேட்டார்.

"இல்ல சித்தி. உங்களுக்கு ஆறு எண்தான். அதை மட்டும் எழுதுங்க" என்றேன்.

சத்துணவுக் கூடத்தில் அரிசியும் பருப்பும் கணக்கெழுதிய கை. நீள நோட்டில் கட்டம் போட்டு எம் புரதம், கப்பா, லாம்டா, ஹீமோகுளோபின், கிரியேட்டினின், கால்சியம் என்று எழுதி, ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பத்தி ஒதுக்கினார். ரிப்போர்ட்டை மேலிருந்து கீழாகப் படிப்பதைவிட, ஒரே எண்ணைத் தேதிவாரியாகப் பக்கவாட்டில் படிப்பதுதான் இந்த நோய்க்குச் சரியான படிப்பு. சிகிச்சை தொடங்கியபின் எம் புரதம் 4.1, 2.6, 1.4, 0.6, 0.4 என்று இறங்கியது. பாதியாகக் குறைந்தால் ஓரளவு பலன், 90 சதவீதம் குறைந்தால் மிக நல்ல பலன் என்று கணக்கு.

அடுத்த முறை 0.5 வந்தது. அன்று ராத்திரி சித்தி தூங்கவில்லை. நோய் திரும்புகிறது என்று சொல்ல, மிகக் குறைந்த அளவிலிருந்து 25 சதவீதமாவது ஏற வேண்டும். அந்த ஏற்றம் அரை கிராமாவது இருக்க வேண்டும். 0.4 என்பது 0.5 ஆவது அளவீட்டின் இயல்பான ஆட்டம். இன்னொரு முறை வைரஸ் காய்ச்சலுக்குப்பின் கப்பா 38, லாம்டா 29 என்று இரண்டிலும் ஹெச். விகிதம் 1.31, நார்மல். இரண்டும் சேர்ந்து ஏறினால் பெரும்பாலும் காய்ச்சலோ சிறுநீரகமோ காரணம். ஒன்று மட்டும் தனியாக ஏறி, விகிதமும் சாய்ந்தால்தான் மறுபடி சோதிக்க வேண்டும்.

எங்கள் பக்கத்திலிருந்தும் சில விஷயங்கள். எப்போதும் ஒரே லேபில் எடுங்கள். லைட் செயினை வெவ்வேறு கம்பெனி கருவிகளில் அளந்தால் எண்களை ஒப்பிட முடியாது. அலகைப் பாருங்கள்: லிட்டருக்கு 40 கிராம் என்பதும் டெசிலிட்டருக்கு 4 கிராம் என்பதும் ஒன்றே. கையில் ரப்பர் பட்டையை வெகுநேரம் இறுக்கி வைத்தால் கால்சியமும் புரதமும் கூடுதலாகக் காட்டும். டாராட்டுமுமாப் மருந்து போடுபவர்கள் அதை லேபில் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்தே ஒரு ஐஜிஜி கப்பா; இம்யூனோஃபிக்சேஷனில் நோய்போலவே பட்டை காட்டும். ரத்தம் ஏற்றுமுன் செய்யும் பொருத்தச் சோதனையையும் அது குழப்பும்.

எந்த ரிப்போர்ட்டிலும் வராதவையும் உண்டு. முதுகுவலியோடு கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீர் கழிக்க முடியாமல் போவது தண்டுவடம் நசுங்குவதற்கான அறிகுறியாக இருக்கலாம். அன்று ராத்திரியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அளவு கடந்த தாகம், மலச்சிக்கல், பேச்சில் தடுமாற்றம் எல்லாம் கால்சியம் ஏறுவதைக் காட்டலாம். சிகிச்சையில் இருப்பவருக்குக் காய்ச்சல் 100.4ஐத் தொட்டால், அடுத்த ரத்தப் பரிசோதனைத் தேதி வரை காத்திராமல் உடனே டாக்டருக்குப் போன் செய்யுங்கள்.